பழுப்புக் கழுத்து

ஜனவரி 11, வியாழன். மார்கழி அமாவாசை

புது நோட்டு. பழையதில் இடம் தீர்ந்துவிட்டது. அரிசி மூட்டை இன்று பிரித்தேன். சிலிண்டர் நேற்று மாற்றியது. நல்லெண்ணெய் பாதிப் புட்டி இருக்கிறது, சிவராத்திரி வரை வர வேண்டும்.

குளித்து விளக்கேற்றி அப்பாவுக்குச் சோறு வைத்தேன். பச்சரிசிச் சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய், ஒரு வடை. பின்பக்க மதில்மேல் வைத்துக் கூப்பிட்டேன். காக்கை இரண்டும் வந்தன. ஆண் மதிலில் இறங்கியது. பெண் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அது தின்று நகர்ந்த பிறகுதான் வந்தது. இரண்டும் தின்றபின் நான் சாப்பிட்டேன்.

ஓமானில் இந்தக் கோழிப்பண்ணைக்கு வந்த முதல் வருஷம் இவை காக்கைதானா என்றே எனக்குச் சந்தேகம். பருந்தளவு இருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் முழுக் கறுப்பு. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் பின்கழுத்து பழுப்பாகத் தெரியும், புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பானை மாதிரி. தொண்டைக்குள் கூழாங்கல்லை உருட்டுகிற சத்தம். தம்பியை விட்டு ஊர்க் கோவில் பட்டரிடம் கேட்கச் சொன்னேன். "அந்த ஊர்ல எது காக்காயோ அதான் காக்கா. அக்காவ வைக்கச் சொல்லு" என்றாராம். அப்போது மாமனார் மாமியாருக்காக வைத்தேன். போன புரட்டாசியிலிருந்து அப்பாவுக்கும் சேர்த்து.

அப்பா போனபோது நான் ஊருக்குப் போகவில்லை. பண்ணையில் புதுக் குஞ்சு இறக்குகிற வாரம். "நீ போய்ச் சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் உலகு. முகத்தக்கூடப் பாக்க முடியாது. இங்க நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?" என்றார் இவர். முடிந்துதான் இருக்கும். அன்றைக்கு வத்தக்குழம்பு வைத்தேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

ஒரு முழம் கரும்பு சேகு கொண்டுவந்து கொடுத்தான். தீவன லாரி ஓட்டுகிறவன், ராமநாதபுரத்துப் பக்கம். இந்தப் பண்ணையில் தமிழ் பேசுகிற ஆள் எங்களைத் தவிர அவன் ஒருவன்தான். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். "பொங்கல்னா கரும்பு இல்லாம எப்புடிக்கா" என்றான். நூறு மைல் தள்ளி வாங்கியிருக்கிறான்.

மதிலுக்கு வெளியே நிற்பது வன்னி மரம். கோவிலில் சுற்றிவருகிற அதே மரம், இங்கே வெட்டவெளியில் கேட்பாரில்லாமல் நிற்கிறது. அதன் உச்சியில்தான் கூடு. போன வருஷத்துக் கூட்டையே செப்பனிடுகின்றன. அடியில் முள்சுள்ளியும் கட்டுக்கம்பியும், உள்ளே ஒட்டக மயிர். படுத்திருக்கிற ஒட்டகத்தின் முதுகிலேயே உட்கார்ந்து பிடுங்குகிறது ஆண். ஒட்டகம் சும்மா இருக்கிறது, காதோரத்து உண்ணியையும் பொறுக்கிவிடுகிறதால் இருக்கும். கொடியில் காய்ந்த என் பழைய உள்பாவாடையின் நாடாவையும் உருவிக்கொண்டு போய்விட்டது. போகட்டும்.

மகள் காந்தி ஊரிலிருந்து போனில் பேசினாள். நர்ஸ் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. விடுதியில் பொங்கலுக்குக் கேசரி போட்டார்களாம்.

ஜனவரி 20, சனி

பெண் கூட்டைவிட்டு இறங்குவதில்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

மத்தியானம் ஊர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு இளம் காக்கைகள் வந்தன. ஜோடி சேராதவை கூட்டமாகத்தான் அலைகின்றன. இந்த ஆண் ஒற்றையாக எழும்பி, மேலே மேலே போய், கல் விழுகிற மாதிரி ஒவ்வொன்றின் முதுகிலும் விழுந்தது. பம்பு அறை தாண்டும்வரை விரட்டிவிட்டுத் திரும்பி வந்து, வாயைப் பிளந்தபடி தொட்டி நிழலில் நின்றது. இவற்றுக்கு வேர்க்காது. வாயைத் திறந்துதான் சூட்டை இறக்க வேண்டும்.

"அக்கா, உங்க ஆளு பெரிய தாதாவுல்ல. ஏரியாவுல ஒருத்தன விட மாட்டேங்கிறாரு" என்றான் சேகு.

ஜனவரி 26, வெள்ளி

சுகாதார அதிகாரி வந்துபோனார். முதலாளியும் கூட வந்தார். எல்லாரும் அவரை அர்பாப் என்பார்கள். மூன்றாம் கொட்டகையில் வலை கிழிந்து கிடக்கிறதாம், காக்கை உள்ளே போய் முட்டையை எடுக்கிறதாம். செத்த கோழி போடுகிற குழியில் காக்கை உட்கார்ந்திருந்ததை அதிகாரி படம் எடுத்துக்கொண்டாராம். பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணையையே மூடிவிடுவார்களாம். சூப்பர்வைசர் இவர்தானே, எல்லா ஏச்சும் இவருக்கு.

செத்த கோழியை அன்றன்றைக்கு மண்போட்டு மூட வேண்டும் என்பது சட்டம். வாரத்துக்கு ஒருநாள் மூடுகிறார்கள். மண் தள்ளுகிற வண்டி ஐப்பசியிலிருந்து பழுதாகி நிற்கிறது. வலைக்கும் அதே கதைதான்.

"குழிய மூடிட்டா அதுக ஏன் வருது" என்றேன்.

"நீ ரசத்த ஊத்து."

ஊற்றினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று சாப்பாட்டின்போது இவர் வழக்கத்துக்கு மாறாக என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "உன் காக்கா எப்படி இருக்கு?" என்றார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னென்னவோ சொன்னேன்.

ஆண் இப்போது மதிலில் நின்று தின்பதில்லை, நாக்குக்கு அடியில் பை மாதிரி இருக்கிறது, அது புடைக்கச் சோற்றை அடைத்துக்கொண்டு போய்ப் பெண்ணுக்கு ஊட்டிவிட்டுத்தான் தனக்கென்று வருகிறது, என்றேன். மிச்சத்தை மணலில் புதைத்து மேலே ஒரு கல்லைப் புரட்டி வைக்கிறது, வைக்குமுன் வேறு காக்கை பார்க்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது, என்றேன். புது வஸ்து எதையும் தொடாது என்பதையும் சொன்னேன். முதல் வருஷம் எவர்சில்வர் தட்டில் வைத்தபோது ஒரு மாசம் கிட்டே வரவில்லை, வெறும் மதிலில் வைத்த பிறகுதான் வந்தது, இப்போதும் நான் வைத்தால் மட்டும்தான் தின்கிறது.

"வேற யாரு வச்சாலும் திங்காதோ?"

"திங்காது. சேகு ஒரு நா வச்சுப் பாத்தான். மேல இருந்து பாத்துட்டுப் போயிட்டு."

"ம்" என்றார். கை கழுவியபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "குஞ்சு பொரிச்சா அதுக்கும் இதான் கொண்டு போவுமோ?"

"பின்ன?"

இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று. ராத்திரி கந்தர் படத்துக்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினேன்.

பிப்ரவரி 3, சனி

குழிக்குப் பக்கத்தில் கம்பிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே கோழிக் குடல். இரண்டு நாளாக ஆண் அதன்மேல் உட்கார்ந்து எச்சமிடுகிறது, உள்ளே போகவில்லை. எலி மருந்து தடவிய இறைச்சியை வெளியே போட்டார்கள். அதைக் கிட்டே வந்து பார்த்து, ஒரு சுள்ளியால் மூடிவிட்டுப் போனது. தெரு நாய் ஒன்று தின்று செத்தது.

உளுந்து ஊறப்போட்டேன். இட்லிப் பானையின் அடித்தட்டு தேய்ந்துவிட்டது.

பிப்ரவரி 6, செவ்வாய்

குஞ்சு பொரித்துவிட்டது. சத்தம் மெலிசாகக் கேட்கிறது, கதவுக் கீல் மாதிரி.

சாயங்காலம் இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மாசக் கடைசிக்குள் அதிகாரி திரும்ப வருகிறார், அப்போது ஒரு காக்கை கண்ணில் பட்டாலும் விசாவை முடித்து அனுப்பிவிடுவேன் என்று அர்பாப் சொல்லிவிட்டாராம்.

"காந்திக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு உலகு."

"எனக்குத் தெரியாதா."

"இந்த வயசுல எனக்கு எவன் வேல குடுப்பான்?"

கீரைக் கட்டைப் பிரித்தேன்.

"வெள்ளிக்கிழம அமாவாசை தான?"

"தை அமாவாசை. அது எங்க அப்பாவுக்கு வைக்க சோறு."

"வைக்க வேண்டாம்னு நான் சொன்னனா? நீ பாட்டுக்கு எப்பவும் போல வையி. உன்கிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கல."

பேச்சு அத்தோடு முடிந்தது. கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன், அதை முடித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி. தை அமாவாசை

விடியுமுன் எழுந்தேன். இவர் எனக்கு முன்பே எழுந்து அடுப்படியில் நின்றார். கல்யாணமானதிலிருந்து தண்ணீர் மொள்ளக்கூட அங்கே வராதவர். நான் சோறு வடிக்கும்வரை நின்றார். "சோறு வெந்துட்டு. எள்ள நான் பாத்துக்கிடுதேன், நீ போய்க் குளி" என்றார். குளித்து வந்தேன். சோற்றில் எள்ளு கலந்து வைத்திருந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் கறுத்திருந்தது.

பூண்டு வாடை மாதிரி ஒன்று. அமாவாசையன்று நான் பூண்டு தொடுகிற வழக்கமில்லை. பொங்கலிலிருந்தே எனக்குச் சளி, மூக்கை நம்ப முடியாது. சேகு சலாலாவிலிருந்து வாங்கிவந்த சாம்பிராணியை இன்றுதான் பிரித்துப் போட்டேன். என்ன மணம். வீடே கோவில் மாதிரி ஆகிவிட்டது.

அப்பா பேரைச் சொல்லி மதிலில் வைத்தேன். கூப்பிட்டேன். எப்போதும் ஒரு தடவை போதும். இன்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆண் வந்தது. சோற்றை அலகால் புரட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றேன். அதன்பிறகு எடுத்துக்கொண்டது. தொண்டை புடைக்க வாரிக்கொண்டு வன்னி மரத்துக்குப் போய் உடனே திரும்பி வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது.

இவர் தனக்கு வெள்ளைச் சோறு தனியாக வடிக்கச் சொன்னார். வடித்தேன். நானும் அதையே சாப்பிட்டேன். மிச்ச எள்ளுச் சோற்றை இவரே கொண்டுபோய்ப் புதைத்தார். பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தேன்.

வெயில் அதிகம். ஜன்னல் திரை இரண்டும் துவைத்தேன். பின்பக்கக் கதவைத் திறக்கவில்லை, மணல் அடிக்கிறது.

பிப்ரவரி 10, சனி

காலையில் சேகு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, வருத்தப்படாதீங்க. உங்க ஆளு பம்பு ரூம்புக்கிட்ட கெடக்காரு."

"யாரு?"

"தாதா."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "மத்தது?"

"ஏறிப் பாத்தேன். ரெண்டு றெக்கையையும் விரிச்சிக் கூட்ட மூடுன மாதிரியே இருக்கு. உசுரு இருக்குன்னுதான் நெனச்சேன். தொட்டதும் சரிஞ்சிருச்சு. அடியில அஞ்சு குஞ்சுக்கா. ஒண்ணு மட்டும் வாயைத் தொறந்துச்சு. நான் எறங்குறதுக்குள்ள அதுவும் இல்ல."

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். "சார் எல்லாத்தையும் குழியில போடச் சொல்லிட்டாரு. எனக்கு மனசு வரலக்கா. வன்னி மரத்தடியிலயே தோண்டிப் பொதச்சிட்டேன். சார்ட்ட சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"எப்புடித்தான் தின்னுச்சோ. அம்புட்டு உசாரான பறவை."

அவனுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவனும் சொல்லவில்லை, குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சோறு வைக்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

அர்பாப் இவர் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் அல்வாவும் கொடுத்தனுப்பினார். அல்வா ரோஜாப்பூ வாசனை. இவர் ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கிட்டே நீட்டினார். பல் வலி என்றேன்.

"இன்னைக்காவது சிரிச்ச மொகமா இரேன். வேல தங்கிட்டுல்லா."

வேலை தங்கிவிட்டது. அதில் எனக்கு இல்லாத அக்கறையா. காந்திக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பா கெட்டிக்காரர்மா" என்றாள்.

பிப்ரவரி 22, வியாழன்

பொழுது விடியும்போது கொட்டகைக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம். இங்கே ஏது மழை. எட்டிப் பார்த்தால் கூரை முழுக்கக் காக்கை. குப்பைமேட்டுக் கூட்டம் வந்துவிட்டது. நாற்பதுக்குக் குறையாது. ஒன்றுக்கும் இன்னும் கழுத்தில் பழுப்பு ஏறவில்லை, எல்லாம் இளசு.

கிழிந்த வலைக்குள் பாதி புகுந்துவிட்டது. லாரியின் கண்ணாடி துடைக்கிற ரப்பரை உரித்துத் தின்கின்றன. குழியில் உட்கார இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று.

"அந்த ஜோடி இருந்த வரைக்கும் இதுல ஒண்ணு எட்டிப் பாத்துச்சாக்கா? காவக்காரனக் கொன்னுட்டு வாசலத் தொறந்து போட்ட கதையா இருக்கு" என்று சேகு வெளியே நின்று சொன்னான். உள்ளே இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பிப்ரவரி 24, சனி

அதிகாரி வருவது மார்ச் பதினொன்றுக்குத் தள்ளிப்போயிருக்கிறதாம். இவர் அதை இரண்டு தடவை சொன்னார்.

வெடி போட்டார்கள். காக்கைகள் எழும்பிச் சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தன. கோழிகள் மிரண்டு ஒன்றை ஒன்று மிதித்து நிறையச் செத்தன. அவற்றையும் குழியில் போட்டார்கள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பதினைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கூரையில் இருக்கிற இவற்றின்மேல் எனக்கு என்ன கோபம். பச்சைப் பிள்ளைகள்.

மதிலைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி வெறும் சோறு வைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. கம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன. நான் உள்ளே வந்த பிறகு ஒன்று இறங்கி, ஒரு பருக்கையை எடுத்துத் தூர எறிந்துவிட்டு ஓடியது.

மார்ச் 1, வெள்ளி

மூன்று வந்தன. ஒன்றுக்கு இடதுகால் விரல் இல்லை. அதுதான் தைரியசாலி.

மார்ச் 3, ஞாயிறு

இன்று கூப்பிட்டதும் வந்தன. மதில் கொள்ளவில்லை. விரலில்லாதது என் கைக்கு ஒரு முழம் தள்ளி நின்று தின்றது. தின்றுவிட்டுத் தொண்டைக்குள் உருட்டி ஒரு சத்தம் போட்டது. அந்த ஆண் போடுகிற மாதிரியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

காக்கைக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். படுக்கையறை ஜன்னலில் இவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையில் டம்ளர். ஏசுவார் என்று நினைத்தேன், காக்கையே கூடாது என்பவராயிற்றே. ஏசவில்லை. அவர் முகம், அடுப்பில் பருப்பு பதமாக வெந்துவிட்டதா என்று பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது.

"நல்லாப் பழகிட்டுல்லா" என்றார்.

கையிலிருந்த மிச்சச் சோற்றை என்ன செய்தேன் என்று நினைவில்லை. கை முழுக்கப் பிசுபிசுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சோறு வைக்கவில்லை. அவை மதிலில் வந்து உட்கார்ந்து அடுப்படி ஜன்னலையே பார்த்தன. திரையை இழுத்துவிட்டேன்.

மத்தியானம் இவர் கேட்டார். "இன்னைக்கு ஏன் வைக்கல?"

"தலவலி."

"ஞாயித்துக்கிழம மாசி அமாவாசை. அதுவரைக்கும் விடாம வையி. பழக்கம் விட்டுரக்கூடாது."

"மறுபடியும் எங்க அப்பா சோத்துலயா வைக்கப் போறிய?"

"மறுபடியும்னா?"

"தை அமாவாசைக்கு வச்சது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியளோ?"

இவர் சிரித்தார். கோபத்தில் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சிரித்தார்.

"அதத்தான் நானும் கேக்கேன். அன்னைக்கு உனக்குத் தெரியாதாக்கும்? மோந்து பாத்துட்டுத்தான கொண்டு போன. நான் இங்கன நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மேடையைத் துடைத்தேன்.

மார்ச் 8, வெள்ளி. சிவராத்திரி

பச்சைத் தண்ணீர் மட்டும். நாலு காலத்துக்கும் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டேன். எண்ணெய் போதவில்லை, கடைசிக் காலத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். நடுவில் எதையும் வேண்டிக்கொள்ள வரவில்லை. மந்திரம் மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

காந்தி பேசினாள். "அப்பாவுக்கு இந்த வேலை இல்லைன்னா படிப்பு நின்னுரும்லாமா?" என்றாள். இவர்தான் சொல்லியிருக்க வேண்டும், பேசச் சொல்லியும் இருக்க வேண்டும். நின்றால் ஒரு வருஷம் நிற்கும், தம்பியிடம் கேட்கலாம், நான் ஊருக்கு வந்து இட்லிக்கடை போட்டாவது படிக்க வைக்கிறேன் என்றேன். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றாள்.

விளக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச் 9, சனி

"நாளைக்கு ஒரு படி அரிசி சேத்துப் போடு. கூட்டம் சாஸ்தி" என்றார்.

"வடிச்சு வைக்க மாட்டேன். கொண்டு போவ மாட்டேன். கூப்பிட மாட்டேன்."

"அப்ப பொட்டியக் கட்டு."

"எப்பம்னு சொல்லுங்க. கட்டுதேன்."

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு. மாசி அமாவாசை

இவரே வடித்தார். குழைந்துவிட்டது. எள்ளை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எடுத்துக் கொடுக்கவில்லை. தேடி எடுத்தார், கடுகு டப்பாவை உருட்டிவிட்டு.

மதிலில் வைத்துவிட்டுக் "கா, கா" என்று கூப்பிட்டார். கம்பத்திலும் கூரையிலும் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். லேபர் கேம்ப் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சேகு லாரியிலிருந்து இறங்கி நின்றான்.

இவர் உள்ளே வந்தார். கொடியில் கிடந்த என் பச்சைச் சேலையை உருவினார். நான் எப்போதும் கட்டிக்கொண்டு சோறு வைக்கிறது அது. சட்டைமேலேயே சுற்றித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். நான் நிற்கிற இடத்தில் போய் நின்றார். பெண் குரலாக்கிக் கூப்பிட்டார். குரல் உடைந்து உடைந்து வந்தது. இழுத்து இழுத்து ஏதோ ஒப்பாரி மாதிரி கூப்பிட்டார். நான் அப்படிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அது என் குரலே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

விரலில்லாதது மட்டும் இறங்கி வந்தது. மதிலின் அந்தக் கோடியில் நின்று சேலையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. அப்புறம் எழும்பிப் போய்விட்டது. அதன் பின்னாலேயே எல்லாம் எழும்பின. சேகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

வெயில் ஏறி, சோறு காய்ந்து வெடித்தபிறகு இவர் உள்ளே வந்தார். சேலையை அவிழ்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்த்து ஒழுகியது. நாளை அதிகாரி வருகிறார். இந்த வீடு, இந்த விசா, காந்தியின் கடைசி வருஷம், எல்லாம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் அது தெரியாமல் இல்லை.

"உலகு" என்றார். அதட்டலாக இல்லை. "நீ எப்படித்தான் கூப்பிடுவ? அத மட்டும் சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

கேட்டதையெல்லாம் சொன்னவள்தான் நான். எங்கே கூடு, எதை எடுத்துப் போகும், யாருக்கு ஊட்டும், எல்லாம் சொன்னேன். சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னேன்.

கூப்பிடுகிற விதத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் முன்னால் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். இங்கேயும் எழுதவில்லை.